21 வயது மாணவர் விட்டுச் சென்ற கேள்வி

நீரிழிவு என்றதும் நம் வீடுகளில் பெரியவர்களின் நினைவுதான் வரும். தாத்தா காப்பியில் சீனியைக் குறைப்பார். பாட்டி தவணை தவறாமல் கிளினிக்கிற்குச் சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருவார். 'இனிப்பு நீர்' வயதானவர்களுக்கு வரும் நோய் என்பதே நம்மிடையே பரவலாக உள்ள எண்ணம்.

ஆனால், பள்ளி செல்லும் பிள்ளையையும் நடை பழகும் குழந்தையையும்கூடத் தாக்கும் இன்னொரு நீரிழிவு உண்டு. அது இனிப்பை அதிகம் சாப்பிட்டதால் வருவதன்று. பெற்றோரின் கவனக்குறைவால் வருவதுமன்று. மருத்துவர்கள் அதனை முதலாம் வகை நீரிழிவு என்று அழைக்கின்றனர். உடலுக்குத் தேவையான இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துபோவதால் அந்நோய் உண்டாகிறது.

1922ஆம் ஆண்டுக்கு முன்பு இந்நோய் கண்ட குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. சில மாதங்களில், மிஞ்சிப் போனால் சில ஆண்டுகளில், அவர்கள் இறந்துபோயினர். இன்று அதே நோயுள்ள குழந்தை படிக்கிறது, வேலைக்குப் போகிறது, குடும்பம் நடத்துகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது?

பரிசு பெற்ற பேராசிரியர்களின் பெயர்களை வரலாறு நமக்குச் சொல்லித் தருகிறது. பட்டம் பெறுவதற்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளம் மாணவர்களின் பங்கு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. உண்மையில், இந்த வரலாறு தொடங்குவதே அப்படிப்பட்ட ஒரு மாணவரிடம்தான்.

பெர்லினில் ஓர் ஆய்வேடு

1869ஆம் ஆண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் கணையம். வயிற்றுக்குப் பின்புறம் அமைந்துள்ள இந்தச் சுரப்பி, உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரக்கிறது என்பது மட்டுமே அக்காலத்தில் தெரிந்திருந்தது.

முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த லாங்கர்ஹான்ஸ், செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்களுக்கு நடுவே வேறு வகையான சின்னஞ்சிறு உயிரணுக்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதைக் கண்டார். கடலுக்கு நடுவே தீவுகள் இருப்பதுபோல் அவை ஆங்காங்கே தனித்து நின்றன. ஒவ்வொரு கூட்டமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் இருக்கும்.

அவை எதற்காக இருக்கின்றன? லாங்கர்ஹான்ஸ் தமக்குத் தெரியாது என்று ஒளிவு மறைவின்றி எழுதினார். தேர்வாளர்களைக் கவர்வதற்காக ஒரு விளக்கத்தை அவர் கற்பனை செய்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி, விளங்காததை விளங்கவில்லை என்றே விட்டார். அந்தத் திறந்த கேள்விதான் பின்வந்தவர்களுக்குப் பாதையானது.

அந்தக் கேள்விக்கான பதிலைக் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1874ஆம் ஆண்டில் அவருக்குக் காசநோய் கண்டது. பல்கலைக்கழகப் பணியை விட்டுவிட்டு, இதமான தட்பவெப்பத்தை நாடி போர்த்துகலின் மதேரா தீவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே கடல்வாழ் உயிரினங்களையும் ஆராய்ந்தார். 1888ஆம் ஆண்டு ஜூலை மாதம், 41ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள்களே இருந்தபோது காலமானார்.

அடுத்த ஆண்டே முதல் பதில் வந்தது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி, யோசப் வான் மேரிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் கணையத்தை முழுமையாக அகற்றினர். அந்த நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்துப் பார்த்தபோது சிறுநீரில் சீனி மிகுந்திருந்தது. கணையத்திற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் உறுதியானது. 1893இல் பிரெஞ்சு ஆய்வாளர் லாகெஸ், கணையத்தில் உள்ள அந்த உயிரணுக் கூட்டங்களுக்கு 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' என்று பெயர் சூட்டினார். சீனியைக் கட்டுப்படுத்தும் பொருள் அத்திட்டுகளிலிருந்துதான் வருகிறது என்ற கருத்து மெல்ல மெல்ல வலுப்பெற்றது.

பத்தாண்டு காலத் தாமதம்

அப்படியானால், விலங்குகளின் கணையத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து நோயாளிக்குக் கொடுத்தால் என்ன? இந்த முயற்சியில் பலர் இறங்கினர். அவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த எர்னஸ்ட் ஸ்காட் என்ற மாணவர்.

கணையத்தை அரைக்கும்போது அதிலுள்ள செரிமான நீரே நாம் தேடும் பொருளை அழித்துவிடுகிறது என்று ஸ்காட் கருதினார். அதனைத் தடுப்பதற்காகச் சாராயச் சத்தான ஆல்கஹாலைப் பயன்படுத்திச் சாறு எடுத்தார். கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்கு அந்தச் சாற்றை ஏற்றியபோது சிறுநீரில் சீனி குறைந்தது. அவருடைய ஆய்வு 1912ஆம் ஆண்டு ஓர் உடலியல் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆனால் முடிவுரையில் எச்சரிக்கை மேலோங்கியிருந்தது. சீனி குறைந்ததற்குக் கணையச் சுரப்புதான் காரணம் என்று கொள்ள முடியாது என்றே அதில் அச்சாகியிருந்தது. ஆய்வை மேற்பார்வையிட்ட பேராசிரியரின் ஐயப்பாடே அதற்குக் காரணம் எனப் பின்னாளில் கூறப்பட்டது.

பேராசிரியரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. அந்தக் காலத்தில் சில துளி இரத்தத்தைக் கொண்டு சீனியை அளக்கும் வசதி வளர்ந்திருக்கவில்லை. சாறு தூய்மையற்றதாக இருந்ததால் பக்க விளைவுகளும் இருந்தன. எனினும், சரியான திசையில் நடந்த ஒரு மாணவரின் வேலை அத்துடன் நின்றுபோனது. ஸ்காட் வேறு பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார்.

அடுத்த பத்தாண்டுகளில் நோயுற்ற பிள்ளைகளின் நிலை என்னவானது? அமெரிக்க மருத்துவர் ஃபிரெட்ரிக் ஆலன் பட்டினி வைத்தியத்தைக் கையாண்டார். உணவைக் குறைத்தால் சீனியும் குறையும். ஆயுள் சற்று நீளும். வேறு வழியே இல்லாத காலம் அது. பெற்ற தாய் தன் பிள்ளைக்குச் சோற்றை அளந்து, மறைத்து, மறுத்து வளர்க்க வேண்டியிருந்தது. நோயால் சாவதா, பசியால் சாவதா என்ற நிலையில் எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் காத்திருந்தனர்.

டொரோண்டோவில் ஒரு கோடைக்காலம்

1921ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் தமது ஆய்வைத் தொடங்கினார். இடமும் நாய்களும் கொடுத்து உதவியவர் பேராசிரியர் மெக்லியோட். உதவிக்கு அமர்த்தப்பட்டவர் சார்ல்ஸ் பெஸ்ட். அப்போதுதான் இளங்கலைப் படிப்பை முடித்திருந்த அவருக்கு வயது 22.

அறுவை சிகிச்சை பாண்டிங்கின் பொறுப்பு. இரத்தத்திலும் சிறுநீரிலும் சீனியை அளப்பது பெஸ்ட்டின் வேலை. கோடை வெயிலில், போதிய வசதியில்லாத அறையில் இருவரும் உழைத்தனர். நாய்கள் பல இறந்தன. இருப்பினும் அவர்கள் எடுத்த சாறு சீனியைக் குறைப்பது தெளிவானது. ஆண்டு இறுதியில் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அவர்களுடன் இணைந்து, சாற்றைத் தூய்மைப்படுத்தும் பணியை ஏற்றார். அவரும் ஆல்கஹாலைத்தான் நாடினார்.

1922 ஜனவரி 11ஆம் தேதி, டொரோண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்கு அந்தச் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவனுடைய எடை 30 கிலோகூட இல்லை. இரத்தத்தில் சீனி 440இலிருந்து 320ஆகக் குறைந்தது. ஆனால் ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியதால் சிகிச்சை நிறுத்தப்பட்டது.

காலிப் மேலும் தூய்மையான சாற்றைத் தயாரித்தார். ஜனவரி 23ஆம் தேதி மீண்டும் ஊசி போடப்பட்டது. இம்முறை சீனி 520இலிருந்து 120க்கு இறங்கியது. சிறுவனுக்குத் தெம்பு திரும்பியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்து 1935இல் நிமோனியாவால் இறந்தான்.

அதே 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் டொரோண்டோவுக்கு அழைத்து வரப்பட்டாள். மூன்றாண்டுகள் பட்டினி வைத்தியத்தில் தாக்குப்பிடித்த அவளுக்கு 15 வயதாகச் சில நாள்களே இருந்தன. எடையோ ஏறத்தாழ 20 கிலோதான். இன்சுலின் அவளை மீட்டது. பட்டம் பெற்று, மணம் முடித்து, பிள்ளைகள் பெற்று 1981ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். தம் வாழ்நாளில் ஏறக்குறைய 42,000 ஊசிகள் போட்டுக்கொண்டார் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

1923இல் பாண்டிங்கும் மெக்லியோடும் நோபெல் பரிசு பெற்றனர். பாண்டிங் தம் பங்கை மாணவர் பெஸ்ட்டுடன் பகிர்ந்துகொண்டார். மெக்லியோட் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். காப்புரிமையோ பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரின் பெயரில் இருந்தது. அதனை அவர்கள் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டனர்.

பிழைக்க வைத்தது, குணப்படுத்தவில்லை

இன்சுலின் உயிரைக் காத்தது. நோயை நீக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் ஆபத்து திரும்பும். திட்டுகளிலுள்ள உயிரணுக்கள் ஏன் அழிகின்றன என்ற அடுத்த கேள்வி அப்படியே இருந்தது.

1936இல் இங்கிலாந்தின் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் நீரிழிவில் இரு வகை உண்டு எனக் காட்டினார். ஒரு வகையினருக்கு இன்சுலின் உடனே வேலை செய்தது. மற்றவர்களின் உடல் அதற்கு அவ்வளவாக இணங்கவில்லை. குழந்தைகளின் நோய் வேறு, முதியவர்களின் நோய் வேறு என்ற தெளிவுக்கு அது வழிவகுத்தது.

1965இல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், லாங்கர்ஹான்ஸ் பார்த்த அதே திட்டுகளை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்தார். இம்முறை அவை நோய் கண்ட கொஞ்ச காலத்திலேயே இறந்துபோன இளம் நோயாளிகளின் திட்டுகள். 22 பேரில் 15 பேருடைய திட்டுகளில் வெள்ளை அணுக்கள் மொய்த்திருந்தன. கிருமியை எதிர்த்துப் போரிட வேண்டிய படை, சொந்த வீட்டையே தாக்கிக்கொண்டிருந்ததற்கான தடயம் அது.

1974இல் லண்டனில் பணியாற்றிய பொட்டாஸோவும் அவரது குழுவினரும், நீரிழிவு நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் அந்தத் திட்டுகளைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அதன் பயன் பெரிது. கணையத்தை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் இரத்தத்திலேயே தாக்குதலின் அறிகுறியைக் காணலாம். 1978இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட குடும்ப ஆய்வு ஒன்று, நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த எதிர்ப்பொருள்கள் தோன்றிவிடுவதை உணர்த்தியது. திடீரென்று வந்ததாகப் பெற்றோர் நினைத்த நோய், சத்தமில்லாமல் நெடுங்காலம் வளர்ந்துகொண்டிருந்தது.

பின்லாந்தின் பிள்ளைகள்

அப்படியானால் பிறந்த நாள் முதலே குழந்தைகளைக் கவனித்து வந்தால் என்ன? இந்த எண்ணத்தைச் செயலாக்கிய நாடுகளுள் பின்லாந்து முக்கியமானது. உலகிலேயே குழந்தைகளிடம் முதலாம் வகை நீரிழிவு மிக அதிகமாகக் காணப்படும் நாடு அதுதான். 1994ஆம் ஆண்டு அங்கு துர்க்கு, ஊலு, தம்பெரே ஆகிய மூன்று நகரங்களின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பெரியதோர் ஆய்வு தொடங்கப்பட்டது. பெற்றோரின் சம்மதத்துடன் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்பட்டது. மரபணு வழியாக ஆபத்து கூடுதலாக உள்ள குழந்தைகள் குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைக்கப்பட்டு இரத்தம் எடுக்கப்பட்டது.

முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அணி அணியாக வந்து சேர்ந்தது இத்தகைய ஆய்வுகளில்தான். ஒருவர் குழந்தைக்கு முதன்முதலில் எப்போது திட உணவு கொடுக்கப்பட்டது என்று பார்த்தார். இன்னொருவர் குடலைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தார். வேறொருவர் வைட்டமின் 'டி' சத்தைக் கணக்கெடுத்தார். ஒருவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் அந்த இரத்த மாதிரிகள் குளிர்பதனப் பெட்டியில் அடுத்தவருக்காகக் காத்திருந்தன. பின்லாந்தில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறும். எதிர்த்தரப்பில் அமரும் அறிஞர் கேள்விக் கணை தொடுப்பார். மாணவர் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கத்தையும் அந்த மேடை கற்றுத் தருகிறது.

2005இல் வெளியான ஓர் ஆய்வு பலரை வியப்பில் ஆழ்த்தியது. பின்லாந்தின் எல்லைக்கு அப்பால், ரஷ்யாவின் கரேலியாவில் வாழும் குழந்தைகளிடம் இந்நோய் ஆறில் ஒரு பங்குதான் காணப்பட்டது. ஆபத்துக்குரிய மரபணுக்களோ இருபுறமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. ஆகவே மரபணு மட்டும் காரணமன்று, சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற கருத்து வலுத்தது.

2013இல் பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக்கப்பட்டன. பிறப்பு முதல் கவனிக்கப்பட்ட 13,377 குழந்தைகளில் 585 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்கள் தோன்றியிருந்தன. அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குப் பத்தாண்டுகளுக்குள் நீரிழிவு வெளிப்பட்டது. யாருக்கு வரக்கூடும் என்பதை இப்போது முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

தடுக்க முடிந்ததா? முயற்சிகள் பல தோற்றன. மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வு 2008இல் பலனில்லை என்று அறிவித்தது. பசும்பால் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த குழந்தை உணவு நோயைத் தடுக்குமா என்று 15 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வும் 2018இல் இல்லை என்றே முடிந்தது. பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது 'இல்லை' என்ற சொல். ஆனால் அதனை மறைக்காமல் வெளியிட்டதால், அதே வழியில் இன்னொரு தலைமுறை அலையாமல் தப்பியது.

இரண்டு ஆண்டுகளின் மதிப்பு

2019இல் ஒரு நல்ல செய்தி வந்தது. எதிர்ப்பொருள்கள் தோன்றி, சீனி அளவும் மாறத் தொடங்கிய, ஆனால் நோய் முழுமையாக வெளிப்படாத 76 பேர் ஓர் ஆய்வில் பங்கேற்றனர். அவர்களில் பெரும்பாலோர் 18 வயதுக்குட்பட்டவர்கள். ஒரு பகுதியினருக்கு 14 நாள்கள் டெப்லிசுமாப் என்ற மருந்து செலுத்தப்பட்டது. உடலின் எதிர்ப்புப் படையை அடக்கி வைக்கும் மருந்து அது. மருந்து பெறாதவர்களில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ 24 மாதங்களில் நோய் வெளிப்பட்டது. மருந்து பெற்றவர்களிலோ அதற்கு 48 மாதங்கள் ஆயின. 2022 நவம்பர் மாதம் அமெரிக்கா அந்த மருந்துக்கு அனுமதி வழங்கியது. முதலாம் வகை நீரிழிவின் வருகையைத் தள்ளிப்போடுவதற்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

ஈராண்டுகள் தள்ளிப்போவது பெரிதா என்று கேட்கலாம். ஆறு வயதில் ஊசி தொடங்க வேண்டிய பிள்ளைக்கு எட்டு வயதில் தொடங்கினால், அந்த ஈராண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை இரவுகளில் நிம்மதியான தூக்கம் கிடைக்கும்! நள்ளிரவில் எழுந்து பிள்ளையின் விரலில் குத்திச் சீனி பார்த்த தாய்க்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.

முன்கூட்டியே கண்டறிவதன் இன்னொரு பயனும் உண்டு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2015 முதல் சாதாரணக் குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் சோதனை நடத்தப்பட்டது. சோதிக்கப்பட்ட 90,632 பேரில் 280 குழந்தைகளுக்கு ஆரம்ப நிலை தென்பட்டது. அவர்களில் பிறகு நோய் வெளிப்பட்டவர்கள், மயங்கி விழும் அபாய நிலையில் மருத்துவமனைக்கு வருவது மிக அரிதாக இருந்தது. இத்தாலி 2023இல் நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு இச்சோதனையை நடத்தச் சட்டமே இயற்றியது.

பெற்றோர் கவனத்திற்கு

ஆசிய நாடுகளில் இந்நோய் பின்லாந்து அளவுக்கு இல்லை. அதனாலேயே அதனைச் சந்தேகிக்கத் தவறிவிடும் ஆபத்து இங்கு அதிகம். பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழித்தால், நிறுத்தியிருந்த பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தால், ஓயாமல் தண்ணீர் கேட்டால், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால், காரணமின்றிச் சோர்ந்து கிடந்தால், தாமதிக்காமல் அன்றே கிளினிக்கிற்குச் சென்று சீனி அளவைப் பார்த்துவிட வேண்டும். சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவை தோன்றிவிட்டால் அது அவசர நிலை. நேராக மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

உடலின் படை ஏன் சொந்தத் திட்டுகளையே தாக்குகிறது என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான பதில் இல்லை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளம் ஆய்வாளர்கள் அதனைத் தேடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களில் பலருடைய ஆய்வேடு நூலகத்தில் தூசி படிந்தே கிடக்கலாம். 1869இல் ஒரு மாணவர் எழுதிய ஆய்வேடும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் கிடந்தது. அவர் எழுதி வைத்த சின்னஞ்சிறு திட்டுகளிலிருந்து வரும் பொருள்தான் இன்று காலை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசியாகப் போடப்பட்டு, அவர்களைப் பள்ளிக்கு அனுப்பி வைத்திருக்கிறது.